ரேவுக்கல்

என் கொழுந்தனார் பொய் எழுதினார். ஆரணி ஆற்று மணலில் புதைந்திருந்த கல்லைத் தான் கண்டுபிடித்ததாகப் பள்ளிக்கூட ஆண்டு மலரில் எழுதினார். கண்டது நான். கல்லின் பேரையும் மாற்றிவிட்டார்.

அறுபதுகளில் ஒரு கோடை. கும்மிடிப்பூண்டிப் பக்கம் அந்த ஆற்றோர ஊருக்கு மருமகளாக வந்து இரண்டு மூன்று வருடம் ஆகியிருக்கும். கிணறு வற்றினால் ஆற்றில் ஊற்றுத் தோண்டித்தான் குடிதண்ணீர். எல்லோரும் தோண்டும் இடத்தில் கூட்டம் என்று, நான் தள்ளிப்போய் நாணல் புதர் ஓரம் தோண்டினேன். முழங்கை ஆழத்தில் கல் தட்டியது. சுற்றிலும் மணலை வாரினேன். நட்டு வைத்த தூண்கல். அதன் கழுத்தைச் சுற்றி நாலைந்து பள்ளங்கள், விரல் வைத்தால் வழுக்கும் அளவுக்குத் தேய்ந்திருந்தன.

பழவேற்காட்டிலிருந்து கருவாடு விற்க வரும் அம்மா அந்த நேரம் தண்ணீர் குடிக்க ஆற்றில் இறங்கினாள். தெலுங்கும் தமிழும் கலந்து பேசுகிறவள். கல்லைப் பார்த்ததும் கூடையை இறக்கிவிட்டாள்.

"அடியம்மே, ரேவுக்கல்லு! இங்கியா கீது இது? எங்க மாமனாரு சொல்லிக்கினே இருப்பாரு. கிளிஞ்சல் ஏத்திக்கினு படவு இது வரிக்கும் வருமாம். இதுலதான் கவுறு கட்டுவாங்களாம்."

"ரேவுன்னா இன்னாம்மா?"

"படவு நிக்கிற எடம். ஆத்தங்கரையில வாக்கப்பட்டுக்கினு இது கூடத் தெரியாதா?"

வீட்டில் சொன்னேன். கணவர், "சோறு ஆறுது" என்றார். காது கொடுத்துக் கேட்டது அவர் தம்பி ஒருவர்தான். அப்போது ஆசிரியர் பயிற்சி படித்துக்கொண்டிருந்தார். மறுநாள் நானே கூட்டிப்போனேன். அவர் கையைப் பிடித்து அந்தப் பள்ளத்தில் வைத்ததும் நான்தான்.

பத்து வருடம் போனது. அவர் எங்கள் ஊர்ப் பள்ளியிலேயே வாத்தியார் ஆனார். ஆண்டு மலரில் இரண்டு பக்கம் எழுதினார். தலைப்பு, 'இரவுக்கல்'. அந்தக் காலத்துக் காவலர்கள் இரவில் அதன்மேல் விளக்கு வைத்து ஆற்றைக் காத்தார்களாம். பத்திக்குப் பத்தி 'நான் கண்டேன்', 'நான் ஆராய்ந்தேன்'. நான் எட்டாவது வரை படித்தவள். எனக்கு ஒரு வரியாவது இருக்குமா என்று மூன்று தடவை படித்துப் பார்த்தேன். இல்லை.

விழாவில் அவருக்குச் சால்வை போட்டார்கள். பச்சைக் கரை. போட்டோ எடுத்தார்கள். பெண்கள் பக்கத்தில் உட்கார்ந்திருந்த எனக்கு வயிறு எரிந்தது. பொறாமைதான். சால்வைக்கு நான் ஆசைப்படவில்லை என்று எழுதினால் அது இன்னொரு பொய். அதற்குள் தொழிற்பேட்டையில் வேலைக்குச் சேர்ந்திருந்த என் கணவர், ஷிஃப்டில் பார்க்கிறவர்களிடம் எல்லாம் 'எங்க தம்பி, எங்க தம்பி' என்றார். அது இன்னும் எரிந்தது. என்னைப் பற்றி ஒருநாளாவது அப்படிச் சொல்லியிருப்பாரா?

வீட்டுக்கு வந்ததும் கேட்டுவிட்டேன்.

"இன்னா தம்பி, அது ரேவுக்கல்லுதானே? இரவுன்னு எய்தி வச்சிக்கீறே?"

"அண்ணி, தமிழ்ல 'ர'வுல எந்தச் சொல்லும் ஆரம்பிக்காது. ஜனங்க முன்னாடி இருக்கிற 'இ'யை முழுங்கிட்டாங்க. நான் திருத்தினேன்."

"அப்ப ரேஷன் கடைக்கும் 'இ' போடுவியா? இரேஷன் கடைக்குப் போய் சக்கரை வாங்கினு வா, பாக்கலாம்."

கணவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. கொழுந்தனார் சிரிக்கவில்லை.

"உங்க பேரு வரலைன்னுதானே இந்தப் பேஜாரு?"

"ஆமா, அதான். வெளக்கு வைக்கிற கல்லுக்குக் கவுறு தேஞ்ச பள்ளம் எதுக்கு? அதுக்குப் பதில் சொல்லு."

சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார்.

அடுத்த கோடையில் அந்தக் கருவாட்டம்மா வந்தாள். தலை நரைத்திருந்தது. பள்ளிக்கூடம் விட்டு வந்த பிள்ளைகளிடம், "ரேவுக்கல்லாண்ட ஊத்து தோண்டிக்கீறாங்களா?" என்று கேட்டாள். "ஆயா, அது ரேவு இல்ல, இரவு. எங்க சார் சொல்லிக்கீறாரு. எங்க, சொல்லு, இ...ர...வு" என்று சூழ்ந்துகொண்டு சிரித்தார்கள். அவளும் சிரித்துக்கொண்டே சொன்னாள். பிறகு என்னிடம் வந்து மெதுவாகக் கேட்டாள்: "இத்தினி நாளா நாந்தான் தப்பா சொல்லிக்கினு இருந்தேனா, தாயி?"

நான் இல்லை என்றேன். அவள் நம்பவில்லை. அச்சில் வந்ததைவிடவா நான்? என்னிடமிருந்து கொழுந்தனார் எடுத்துக்கொண்டது ஒரு வரி. அவளிடமிருந்து படவு நின்ற துறையையே எடுத்துக்கொண்டார்.

இப்போது ஓய்வு பெற்றுவிட்டார். ஆற்றுக்குப் போகும் வழியில் 'இரவுக்கல்' என்று பலகை நடப்போகிறார்களாம். பேசவும் அவரைத்தான் கூப்பிட்டிருக்கிறார்கள்.

தம்பி, அன்றைக்கு ஊரே நிற்கும். நானும் முன்னால் நிற்பேன். கல்லை உனக்குக் காட்டியது யார், அதில் கயிறு கட்டியது யார் என்று மைக்கைப் பிடித்துச் சொல். வீட்டுக்கு வந்து காதோடு சொன்னால் கேட்க மாட்டேன்.