செம்பூருக்கு இரண்டு பயணம்: ஓர் ஆணின் கருத்தடைக் குறிப்பு

போன ஜனவரியில் மும்பையை ஒட்டிய டோம்பிவிலியிலிருந்து செம்பூருக்கு இரண்டு முறை போனேன். முதல் முறை மனைவி சுகந்திக்காக, மறு வாரம் எனக்காக. போவதற்கு முன் இதைப் பற்றித் தமிழில் ஓர் ஆண் எழுதியது கிடைக்குமா என்று தேடினேன். கிடைக்கவில்லை. அதனால் நானே எழுதுகிறேன்.

இரண்டாவது குழந்தைக்குப் பிறகு கருத்தடை ஆபரேஷன் செய்துகொள்ளச் சுகந்தி தயாராக இருந்தாள். எங்கள் குடும்பத்தில் அது பெண்கள் பாடு. யாரும் உட்கார்ந்து பேசி முடிவெடுத்ததில்லை. காலை 6.50 ஸ்லோ வண்டி, குர்லாவில் இறங்கி ஹார்பர் லைன் ரயில், செம்பூர் ஸ்டேஷனிலிருந்து அரசு மருத்துவமனைக்கு ஆட்டோ 26 ரூபாய். மொத்தம் ஒன்றரை மணி நேரம்.

ரத்தப் பரிசோதனையைப் பார்த்த டாக்டரம்மா மறுத்துத் தலையசைத்தார். ரத்தம் குறைவு, ஏற்கெனவே இரண்டு சிசேரியன், இப்போதைக்கு வேண்டாம் என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, "நீங்க பண்ணிக்கலாமே, இருபது நிமிஷ வேலைதான்" என்றார் இந்தியில்.

"ஆபீஸ்ல லீவு கிடைக்காது மேடம்."

அன்றைக்கே லீவு போட்டுத்தான் வந்திருந்தேன். திரும்பும் வண்டியில் தாணே தாண்டியதும் சுகந்தி கேட்டாள்: "பயமா இருக்கா?"

"ஆமா."

"ரெண்டு பிரசவத்துக்கும் எனக்கும் பயமாத்தான் இருந்துச்சு. கேக்கத்தான் ஆளில்ல."

மறுநாள் அம்மாவிடம், நானே ஆபரேஷன் செய்துகொள்வதென்ற முடிவைச் சொன்னேன். "ஓடியாடிச் சம்பாதிக்கவன்லா நீ! ஒனக்கு எதுக்குல இந்த வேல?" என்றாள். இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை.

அடுத்த வியாழன் காத்திருப்பு பெஞ்சில் ஒன்பது பெண்கள், நான் ஒருவன். "பேஷன்ட் எங்கே?" என்று கேட்டார் நர்ஸ். நான்தான் என்றதும் பெஞ்சு முழுக்கத் திரும்பியது. தாராவியிலிருந்து மனைவியைக் கூட்டி வந்திருந்த தோல் பட்டறைக்காரர் ஒருவர் பக்கத்தில் வந்து குனிந்தார். "அண்ணாச்சி, பொறவு எடை தூக்க முடியுமா?"

"ஒரு வாரம் கழிச்சுத் தூக்கலாமாம். முடிச்சிட்டு வந்து சொல்லுதேன்."

ஊசி சுருக்கென்றது. அதற்குப் பிறகு இழுபடுவது மட்டும் தெரிந்தது, வலி இல்லை. வெளியே வந்து அவரிடம் அப்படியே சொன்னேன். அவர் எழுந்து டாக்டர் அறை வாசல்வரை போனார். அதற்குள் அவர் மனைவியின் பெயரைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். அரசு மருத்துவமனையில் கட்டணம் இல்லை. இது நிரந்தர முடிவு, இருவருக்கும் சந்தேகமில்லாதபோது மட்டும் போங்கள். இறுக்கமான உள்ளாடை கொண்டுபோங்கள். இரண்டு நாள் ஓய்வு வேண்டும். திரும்பும்போது மாலைக் கூட்டத்தில் ஏறாதீர்கள். நான் மதிய வண்டியில் உட்கார்ந்தே வந்தேன். முக்கியமானது, பலன் உடனே கிடைக்காது. மூன்று மாதம் ஆணுறை, பிறகு விந்துப் பரிசோதனை, அதில் அணுக்கள் இல்லை என்று வந்த பிறகே நிம்மதி.

எனக்கு ஏப்ரலில் அப்படி வந்தது. சுகந்தி ரிப்போர்ட்டை வாங்கி இரண்டு முறை படித்தாள். "இனிமே தேதி எண்ண வேண்டாம்" என்றாள். நாள் தள்ளிப்போகுமோ என்று எட்டு வருடமாக மாதாமாதம் எண்ணிக்கொண்டிருந்திருக்கிறாள். எனக்கு அது அன்றைக்குத்தான் தெரிந்தது.