கைப்பிடிக்கு அடியில் கிடந்த நிறம்

எங்கள் தெருமுனைப் பெயிண்ட் கடையில் நிறம் கலப்பவர் என் தங்கையின் வீட்டுக்காரர். ஊர் அவருக்கு வைத்த பெயர் மூணுசொட்டு. எந்த டப்பாவையும் மூடுவதற்கு முன்னால், "இரு, இன்னும் மூணு சொட்டு" என்று எதையாவது விடாமல் அவருக்குக் கை அடங்காது. டீயில் பாலையும் அப்படித்தான் விடுவார் என்று ஒரு பேச்சு உண்டு. பரப்பியது நான்தான்.

நான் சுவருக்கு வண்ணம் அடிக்கிறவன். அடிக்கிற நேரத்தைவிட அந்தக் கடையில் சாய்ந்து நிற்கிற நேரம் அதிகம். ஊர்க்கதை முழுக்க அங்கேதான் வந்து சேரும்.

மூணுசொட்டுக்கு ஒரு பிடிவாதம். கையில் ஏதாவது மாதிரி கொண்டுவந்தால்தான் கலப்பார். உதிர்ந்த சில்லு, துணித்துண்டு, உடைந்த பொம்மையின் கால், எதுவானாலும் சரி. ஒருநாள் ஒரு அம்மாள், "எங்க பெரியம்மா வீட்டு ஹால் கலர் மாதிரி வேணும்" என்று வந்து நின்றாள்.

"அந்தச் சுவத்துல நகம் அளவு சொரண்டிட்டு வாங்கம்மா. நெனப்புக்கெல்லாம் கலக்க மாட்டேன். நெனப்பு நாளுக்கொரு கலர் காட்டும்."

"பெரியம்மா போய்ச் சேந்துட்டாங்களேப்பா!"

"சுவரு இருக்குல்ல?"

வியாபாரம் இல்லாத மத்தியானங்களில் எனக்குப் பாடம் நடக்கும்.

"நிறமி சர்க்கரை மாதிரி கரையாது மச்சான். பொடிப்பொடியா பெயிண்டுக்குள்ள மெதக்கும். வெளிச்சம் வந்து விழுந்தா கொஞ்சத்த முழுங்கிட்டு மிச்சத்தத் துப்பிடும். அந்தத் துப்புனதத்தான் நாம கலருங்கறோம்."

"நல்லாருங்க மாப்ளே. இனிமே எந்தச் சுவத்துல நான் நிம்மதியா சாய்வேன்?"

நிறமிகளில் இரண்டு சாதி என்பார். ஒன்று மண் வகை. காவி, மஞ்சள் காவி, டைட்டானியம் வெள்ளை எல்லாம் அதில் சேர்த்தி. "உலோகமும் காத்தும் சேந்து கெட்டியாப் போனது. காவின்னா என்ன, துருதான். ஏற்கெனவே துருப்புடிச்சத வெயில் என்ன பண்ணிடும்? அடிச்சா அடிச்சபடியே கெடக்கும். மூஞ்சிதான் கொஞ்சம் மந்தம்." இன்னொன்று கரி வகை. "எண்ணெய்க் கெணத்துச் சரக்குலேருந்து ஆலையில கட்டறது. கரிதான் அதுக்கு எலும்பு. பளிச்சுன்னு கண்ணப் பறிக்கும். ஆனா அதுல பல பேருக்கு வெயில் ஆகாது, எலும்பையே ஒடைச்சுடும். வெள்ளைய ஊத்தி நீர்க்க வெச்சுட்டா இன்னும் சீக்கிரம் போயிடும்."

"புரியுது மாப்ளே. நீங்க மண் வகை. என் தங்கச்சி கரி வகை."

சிரிப்பார் என்றுதான் சொன்னேன். அவர் கரண்டியைத் துடைக்க ஆரம்பித்துவிட்டார்.

கல்யாணமான புதிதில் வாசல் கதவுக்கு நிறம் எடுத்தது அவள்தான். ரோஜாவும் இல்லாமல் ஊதாவும் இல்லாமல், தெருவே வாய் வலிக்கப் பேசிய நிறம். நிறம் காய்ந்ததும் கைப்பிடி மாட்டுவதாகச் சொன்ன தச்சர் டிமிக்கி கொடுக்க, அவளே திருப்புளியை எடுத்து முறுக்கினாள். வேலைக்குக் கடல் கடந்து போனது அதற்கப்புறம். யாரோ வீட்டுப் பெரியவர்களைக் குளிப்பாட்டி, ஊட்டி, தூங்க வைக்கிற வேலை. கிளம்பும்போது சொன்னாள்: "நான் திரும்பி வர்றப்ப இந்தக் கதவு இப்படியே இருக்கணும். தெருமுனையில திரும்பினதுமே கண்ணுல படணும்."

கதவோ மேற்கே பார்த்தது. மத்தியான வெயில் முழுக்க அதன் தலையில்தான். வருஷா வருஷம் மூணுசொட்டு கதவில் ஒரு சில்லு எடுப்பார், அதற்குச் சரியாகக் கலப்பார், தானே அடிப்பார். கைப்பிடியைச் சுற்றி மட்டும் ஒட்டுத்தாள் ஒட்டிக்கொள்வார். கைப்பிடியைக் கழற்ற மாட்டார்.

அவளுக்கு லீவு கிடைத்த சேதி வந்த அன்று, என்னைத் தெருமுனைக்கு இழுத்துப் போனார்.

"கதவு தெரியுதா மச்சான்?"

"எந்தக் கதவு?"

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. வெளுத்த துணி மாதிரி சுவரோடு சுவராக இருந்தது.

"மாப்ளே, தப்பா நெனைக்காதீங்க. வெளுத்த கதவுலதானே சில்லு எடுத்தீங்க? வெளுத்ததுக்கேத்த மாதிரி கலந்தீங்க. அது இன்னும் வெளுத்துச்சு. அதுலேருந்து மறுபடி எடுத்தீங்க."

ஊருக்கெல்லாம் சொன்ன சட்டம் சொந்த வீட்டைச் சாப்பிட்டிருந்தது.

"இந்த ஒரு தடவை நெனப்புக்குக் கலங்களேன்."

"தப்பாப் போச்சுன்னா? அவ கேட்டது அது ஒண்ணுதானே மச்சான்."

"அப்ப அந்தக் கைப்பிடியக் கழட்டுங்க. அதோட தகட்டுக்கு அடியில வெயிலே பட்டிருக்காது. மொதக் கலர் அங்கதான் இருக்கும்."

"அது அவ முறுக்குனது" என்றார்.

சில நாள் கதவைச் சுற்றிச் சுற்றி வந்தார். கடைசியில் அவரே திருப்புளியோடு என்னைக் கூப்பிட்டார். திருகாணி துருவேறி அழுதது. தகடு கழன்றதும், உள்ளங்கை அளவுக்கு அந்த நிறம் எங்களைப் பார்த்தது. நாங்கள் இரண்டு பேரும் மறந்தே போயிருந்த அழுத்தம். அவர் அதைத் தொடவில்லை. கையைப் பக்கத்தில் கொண்டுபோய்விட்டு இழுத்துக்கொண்டார்.

மறுநாள் கலந்தார். கட்டைவிரல் நகத்தில் தடவி, ஊதிக் காயவைத்து, அந்த இடத்தோடு சேர்த்துப் பார்த்தார். மூடப்போன டப்பாவை நான் பிடித்துக்கொண்டு, "மூணு சொட்டு?" என்றேன்.

"வேணாம் மச்சான். இது போதும்."

அவள் வந்த அன்று பெட்டியைத் தூக்கியது நான். தெருவில் திரும்பினோம். கதவு அங்கிருந்தே கூச்சல் போட்டது. வாசலில் அவர் சலவைச் சட்டையோடு நின்றார். என் தங்கை கதவு கதவாகக் கண்ணால் தேடிக்கொண்டே, அவரையும் கவனிக்காமல் அந்த வீட்டைத் தாண்டிப் போனாள்!

"ஏய், எங்க போற?"

"நம்ம வீட்டுக்குத்தான் அண்ணே. வெளுத்த கதவு எங்க காணோம்?"

அவள் நேரில் பார்க்கட்டும் என்று புது நிறத்தை அவர் போனில் காட்டவேயில்லை. அதுவரை தினமும் வீடியோ போனில் அவர் பின்னால் அவள் பார்த்தது அந்த வெளுத்த கதவைத்தான். கண்ணுக்குள் வைத்துக்கொண்டு வந்ததும் அதைத்தான். வாசலில் நின்றவர் முகம் தொங்கிப் போயிற்று.

அவள் திரும்பி வந்து கதவைப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள்.

"இவ்ளோ பளிச்சுனா எடுத்தேன் நான்?"

"நீ எடுத்ததேதான்" என்றார் அவர்.

உள்ளே போகக் கைப்பிடியைப் பிடித்தாள். அது ஆடியது. "யாருங்க இத முறுக்குனது?" நான் அவரைக் காட்டினேன், அவர் என்னைக் காட்டினார். "திருப்புளி எங்க?" என்றாள். செருப்பைக்கூடக் கழற்றாமல், வாசலிலேயே குந்தி அவளே முறுக்கினாள். அவர் பக்கத்தில் திருகாணிகளைக் கையில் ஏந்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

லீவு எப்போதும் சின்னதுதான். கிளம்புகிற காலையில் கதவைத் தடவிக் கேட்டாள்: "இது மறுபடி போயிடுமில்ல?"

"போகும்."

"போகாத வகையில அடிச்சிருக்கலாமே?"

"அடிக்கலாம். அது இதா இருக்காது."

இப்போது வெயில் மேற்கே சாயத் தொடங்கியதும் மூணுசொட்டு கடையை விட்டு ஓடிவந்து, கதவின் மேல் ஒரு பழைய போர்வையைத் தொங்கவிட்டுப் போகிறார். இருட்டியதும் எடுத்து மடித்து வைக்கிறார். தெரு சிரிக்கிறது.

"கதவுக்குக் குளிருதா மாப்ளே?" என்று நானும் கேட்டுவைத்தேன்.

"அவ வர்ற வரைக்கும்தான் மச்சான்" என்று சொல்லி, ஓரத்தில் விலகிக் கிடந்த போர்வையை இழுத்துவிட்டார்.