ஏறி உட்கார்ந்த பல்

என் கணவர் வேலை பார்த்த கம்பெனியை இழுத்து மூடியவர்கள் நன்றாக இருக்கட்டும். அன்று நான் அவர்களுக்கு விட்ட சாபமெல்லாம் வாபஸ்.

தண்ணீர் பம்புகளுக்குப் பாகங்கள் வடிவமைத்த என்ஜினியர் அவர். வேலை போனதும் பல் லேப் ஒன்றில் சேர்ந்தார். பல் டாக்டர்கள் வாயை ஸ்கேன் செய்து அனுப்புவார்கள். இவர் கம்ப்யூட்டரில் பல்லை வடிவமைத்தால், மெஷின் கடைந்து தரும்.

"இவ்வளவு படிச்சிட்டு ஊரார் வாயைப் பாக்கவா போறாரு மாப்பிள்ளை?" என்றாள் என் அம்மா, வாயைக் கையால் மூடிக்கொண்டே. குளியலறையில் விழுந்து முன்பற்கள் இரண்டையும் உடைத்துக்கொண்டதிலிருந்து அப்படித்தான். ஒரு காலத்தில் அவள் சிரித்தால் அடுத்த தெருவுக்குக் கேட்கும். அந்தச் சிரிப்பு இல்லாமல் வீடு வெறிச்சென்று இருந்தது.

"அத்தைக்கு நானே செஞ்சு தரேன்" என்றார் இவர்.

செய்தார். டாக்டர் பொருத்தினார். கண்ணாடியில் பார்த்த அம்மா, "ரொம்ப அழகா இருக்கு மாப்பிள்ளை" என்றாள். ஆனால் வீட்டில் சிரிப்பு வந்தபோது கை மறுபடியும் வாய்க்குப் போனது. மனுஷனுக்கு முகம் தொங்கிவிட்டது.

"அளவு மயிரிழை தப்பல. ஒரு பல்லை வரைஞ்சேன், அதையே அப்படியே திருப்பிப் போட்டு இன்னொண்ணு. ரெண்டும் அச்சு அசல்!"

"அது பம்புக்குச் சரிங்க. எங்கம்மாவுக்கு ஒரு பல்லு இன்னொண்ணு மேல கொஞ்சம் ஏறி உக்காந்திருக்கும். எனக்கும் அப்படித்தானே?"

ஈ என்று காட்டினேன். இத்தனை வருடம் குடும்பம் நடத்திய மனுஷன், அன்றுதான் என் வாயைப் பார்ப்பதுபோல் பார்த்தார். மறுநாளே என்னை லேபுக்கு இழுத்துப்போய் ஸ்கேன் செய்தார். கல்லூரி நாளிலிருந்து நேராக்க வேண்டும் என்று நான் மனக்குறையோடு சுமந்த பல் அது!

நல்லவேளை, முதல் ஜோடியை டாக்டர் தற்காலிகமாகத்தான் ஒட்டியிருந்தார். என் பல்லைப் பார்த்து இவர் செய்த புது ஜோடியை கிளினிக்கில் பொருத்தியதும் அம்மா கண்ணாடியைக்கூடக் கேட்கவில்லை. நாக்கால் தடவிப் பார்த்தாள்.

"அடியே, இது என்னோட பல்லுடி!" என்றாள். பிறகு மாப்பிள்ளையைப் பார்த்து, "கோணலா செய்யறதுக்கா இவ்வளவு படிச்சீங்க?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தாள். வெளியே காத்திருந்தவர்கள் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார்கள். அம்மா நிறுத்தவில்லை. அவளுடைய இரண்டு கைகளும் அவர் கையைப் பிடித்துக்கொண்டிருந்தன.