சொல்லாமல் வந்த வீடு

போன செவ்வாய்க்கிழமை அனலைதீவில் ஒரு செத்தவீடு. தூரத்து உறவு. ஊர்காவற்றுறையிலிருந்து வள்ளம் பிடித்துப் போயிருந்தேன்.

எங்களோடு வந்தவர்களில் நடராசா என்று ஓர் இளைஞர். உலகச் சண்டைக்கு முன் லண்டனுக்குப் படிக்கப் போய், சண்டை முடிந்து கப்பல் ஓடத் தொடங்கிய பிறகுதான் ஊர் திரும்பியவர். வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை.

எல்லாம் முடிந்து நாங்கள் ஒவ்வொருவராக நழுவிக்கொண்டிருந்தோம். இவர் நேரே செத்தவரின் மனைவியிடம் போனார். குனிந்தார். நாலு பேருக்குக் கேட்கும்படி சொன்னார்:

“அப்ப நான் போட்டு வாறன் மாமி.”

ஒப்பாரியே நின்றுவிட்டது!

செத்தவீட்டில் யாராவது சொல்லிக்கொண்டு கிளம்புவார்களா? போய் வருகிறேன் என்றால், இன்னொரு சாவுக்கு வருகிறேன் என்று ஆகிவிடாதா? நாங்கள் நடை பழகும்போதே பழகிக்கொள்கிற விஷயம் இது. நடராசாவின் சித்தப்பா அவரைக் கையில் பிடித்து வெளியே இழுத்து வந்தார்.

“உதையோ லண்டனிலை படிச்சனீர்?”

திரும்பும் வழியெல்லாம் வள்ளத்தில் அவருக்கு அர்ச்சனைதான். அவர் என் பக்கம் திரும்பி மெல்லச் சொன்னார்: “அங்கை சொல்லாமல் வந்தால்தான் பிழை, அண்ணை. இவ்வளவு வருசம் அப்பிடியே பழகிப்போட்டன்.”

அதுவும் காதில் விழ, எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. வாரா வாரம் இந்தப் பத்தியில் என்னோடு சேர்ந்து சிரிக்கிற நீங்கள் இந்த வாரம் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

நான் ஸ்கொட்லாந்தில் எஞ்சினியரிங் படித்தவன் என்பது உங்களில் சிலருக்குத் தெரியும். (படித்ததற்கும் பார்க்கிற வேலைக்கும் சம்பந்தமில்லை என்பது எல்லோருக்கும் தெரியும்!) தீவில், புளியங்கூடலில் பிறந்து, சாட்டிக் கடற்கரையைத் தாண்டி அதிகம் போகாத பையன். திடீரென்று அந்தக் குளிரில் கொண்டுபோய் இறக்கினால்? முதல் மூன்று மாதம் குளிரைவிடப் பேச ஆளில்லாததுதான் என்னை வாட்டியது.

வகுப்பில் பக்கத்துக் கதிரையில் அலெக் என்று ஒருவன். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவனாகவே என்னை வீட்டுக்குக் கூட்டிப் போனான். தகப்பன் இல்லை. தாயும் மகனும் மட்டும்.

வாசலிலேயே சப்பாத்தைக் கழற்றினேன். பின்னே, வீட்டுக்குள் சப்பாத்தோடு போவதா? சொக்ஸின் ஓட்டை வழியாகக் கால் பெருவிரல் எட்டிப் பார்த்தது. அந்த ஊரில் விருந்துக்கு வந்தவன் சப்பாத்தைக் கழற்றமாட்டான் என்பது எனக்கு எப்படித் தெரியும்? அலெக் விழுந்து விழுந்து சிரித்தான். தாயார் சிரிக்கவில்லை. நான் புறப்படுவதற்குள் அந்தச் சொக்ஸை வாங்கித் தைத்துத் தந்துவிட்டார்.

அதற்குப் பிறகு எந்த ஞாயிறும் நான் தவறவில்லை. மீன் சமைப்பார் – பாலில் அவித்து! தீவுக்காரனுக்கு இதைவிடப் பெரிய சோதனை உண்டா? என் முகத்தைப் பார்த்துவிட்டு, அடுத்த வாரம் எனக்கென்று ஒரு டின் மிளகுத்தூள் வாங்கி மேசையில் வைத்திருந்தார். அவர் பேசியது ஸ்கொட்லாந்து இங்கிலிஷ். ஆனால் என் மனதில் அது எங்கள் ஊர்ப் பேச்சாகவே பதிந்துவிட்டது. “வடிவாய்ச் சாப்பிடும் தம்பி” என்று அவர் சொல்வதாகத்தான் இன்றும் எனக்குக் கேட்கிறது.

மூன்று வருஷம். அந்த நாட்டில் எனக்கு வீடு என்றால் அது ஒன்றுதான்.

கடைசி வருஷம் ஜனவரியில் அலெக்குக்கு நியூமோனியா. ஆறே நாள்... போய்விட்டான்.

வீட்டில் ஜெபம். பிறகு ஆண்கள் மட்டும் மயானத்துக்குப் போனோம். திரும்பி வந்தால் தேநீர், பாண், இறைச்சி. செத்தவீட்டில் சாப்பாடா என்று விழித்துக்கொண்டு ஒரு மூலையில் நின்றேன். பிறகு வந்தவர்கள் ஒவ்வொருவராகத் தாயாரிடம் போய், கையைப் பிடித்து, ஒரு வார்த்தை சொல்லி விடைபெறத் தொடங்கினார்கள்.

நான் என்ன செய்தேன்? எங்கள் வீட்டில் பழக்கியதைச் செய்தேன். குசினிக் கதவால் சத்தமில்லாமல் வெளியே வந்தேன். போர்டிங்குக்குப் போய், அந்த ஜனவரிக் குளிரில், பச்சைத் தண்ணீரில் தலை முழுகினேன். போர்டிங்காரி எனக்குப் பைத்தியம் என்றே முடிவு கட்டிவிட்டாள். எனக்கு ஒரு நிம்மதி – அலெக்குக்குச் செய்யவேண்டிய மரியாதையைக் குறைவில்லாமல் செய்துவிட்டேன் என்று.

பிறகு காத்திருந்தேன். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்கு வரும், சாவுத் துடக்கு நீங்கும், அதற்குச் சொல்லி அனுப்புவார் என்று காத்திருந்தேன். சிரிக்காதீர்கள். அவர்களுக்கு அந்தியேட்டி இல்லை என்பது என் புத்திக்குத் தெரியும். ஆனாலும் நாளை எண்ணிக்கொண்டுதான் இருந்தேன். மாதம் ஒன்று போனது. அழைப்பு வரவில்லை. மகன் இல்லாத வீட்டில் மகனின் கூட்டாளிக்கு என்ன வேலை, என்னைப் பார்த்தால் அவருக்கு அழுகைதானே வரும் என்று எனக்கு நானே நியாயம் சொல்லிக்கொண்டேன். நாள் போகப் போக, அங்கே போக முகமில்லாமல் போயிற்று. பரீட்சை வேறு வந்துவிட்டது.

ஜூன் மாதம். கப்பலேறுவதற்கு முதல் நாள், மனம் கேட்காமல் போனேன். அவரே கதவைத் திறந்தார். பாதி ஆளாகியிருந்தார்.

“சோதினை பாஸோ?”

“ஓம்.”

உட்காரச் சொன்னார். தேநீர் ஊற்றி வைத்துவிட்டுக் கேட்டார்.

“அண்டைக்கு உம்மைத் தேடினனான். எல்லாரும் வந்து கையைப் பிடிச்சினம். இந்த மேசையிலை அவனோடை இருந்து சாப்பிட்டவர் நீர் ஒருத்தர்தான். உம்மடை கை வரேல்லை.”

நான் அந்த மேசையைப் பார்த்தேன்.

“என்ன பிழை விட்டனான் எண்டு ஐஞ்சு மாசமாய் யோசிச்சனான். ஒவ்வொரு ஞாயிறும் வருவீர் எண்டு பாத்தனான். மீன் பிடிக்கேல்லையோ எண்டுகூட யோசிச்சனான், தம்பி.”

அந்த மீன்! அதைக் கேட்டதும் நான் அழுதுவிட்டேன். எங்கள் வழக்கத்தைத் திக்கித் திக்கிச் சொன்னேன். சொல்லிக்கொண்டு போனால் சாவு திரும்பி வரும் என்று எங்கள் ஆட்கள் நம்புவதையும், அந்தியேட்டிக்கு நான் காத்திருந்ததையும் சொன்னேன்.

“அப்ப நீர் செய்தது மரியாதையோ?”

“ஓம்.”

“அதை ஒருத்தரும் எனக்குச் சொல்லேல்லையே...”

யார் சொல்வது? சொல்லவேண்டியவன் நான் ஒருவன்தானே? பிறத்தியார் நாட்டுக்குப் படிக்கப் போகிறவனுக்கு எதை எதையோ சொல்லி அனுப்புகிறோம் – கம்பளிச் சட்டை வாங்கு, தலையை ஈரமாக விடாதே என்று. நமக்கு எது மரியாதையோ அது அங்கே ஒரு தாயின் நெஞ்சில் கல்லாய் விழும், வாயைத் திறந்து விளங்கப்படுத்து என்று யாரும் சொல்லி அனுப்புவதில்லை. அவர் எனக்காகக் காத்திருந்தார். நான் அவருக்காகக் காத்திருந்தேன். இடையில் ஒரு ட்ராம் வண்டித் தூரம்.

எங்கள் ஊரில் என்றால் விளக்கு வைக்கிற நேரம். எழுந்தேன். அவரும் வாசல்வரை வந்தார்.

“இண்டைக்காவது சொல்லிப்போட்டுப் போம். திரும்பி வாறன் எண்டு ஒருக்கால் சொல்லும்.”

நான் தயங்கினேன். அவர் லேசாகச் சிரித்தார்.

“சாவு வந்தால் வரட்டும். இனி இந்த வீட்டிலை நான் ஒருத்திதானே.”

அதுதான் எனக்குப் பயம்! அந்தியேட்டி நடக்காத வீடு... எனக்கு அது இன்னும் செத்தவீடுதான். அங்கே சொல்லிக்கொண்டு போனால் நான் அழைப்பது யாருடைய சாவை? இங்கிலிஷில் எத்தனை பரீட்சை எழுதிப் பாஸ் பண்ணியவன் நான். அவர் கேட்டது ஒரே ஒரு வாக்கியம். வாயைத் திறந்தேன். ஏலவில்லை.

அவருடைய கையை இரண்டு கையாலும் பிடித்தேன். கண்ணில் ஒற்றிக்கொண்டேன். சொல்லாமலே படியிறங்கினேன்.

தெருமுனை திரும்பும்வரை, பின்னால் அந்தக் கதவு சாத்துகிற சத்தம் கேட்கவேயில்லை.