வெள்ளிக்கிழமை விழும் மெயின் சுவிட்ச்

எங்கள் வீட்டு மெயின் சுவிட்ச் வெள்ளிக்கிழமைதான் விழும். வேறு நாளில் விழுந்திருந்தால் கொஞ்சமாவது யோசித்திருப்பேன். வெள்ளிக்கிழமை என் மருமகள் தலைக்குக் குளிக்கும் நாள். குளிக்க ஹீட்டர், முடியைக் காய வைக்க ஒரு மிஷின். டக்கென்று சத்தம் கேட்கும், ஃபேன் நின்றுவிடும். "அலாமாக், மறுபடியுமா!" என்று நான் கத்தினால் ஜெலாப்பாங்கில் எங்கள் வரிசை வீடுகள் முழுக்கக் கேட்கும். என் தொண்டை அப்படி.

செமோர் பக்கம் ரப்பர் தோட்டத்தில் பிறந்தவள் நான். கையுறை ஃபேக்டரியில் ஓவர்டைம் செய்து வாங்கிய வீடு இது. இதில் ஒன்று கெட்டால் யார் கெடுத்தது என்று தெரிந்தாக வேண்டும் எனக்கு.

"ஹீட்டர ஆஃப் பண்ணுலா மொதல்ல!"

தலையில் நுரையோடு அவள் வெளியே வருவாள். ஹீட்டரை அணைத்து, ஆசை தீரத் திட்டிவிட்டு, பிறகு போய் சுவிட்சை மேலே தள்ளுவேன். விழாமல் நிற்கும். "பாத்தியா? ஹீட்டர் இல்லன்னா நிக்குது!" என்பேன். அதற்கு மேல் சாட்சி எதற்கு?

"வயர்மேனக் கூப்பிட்டுப் பாக்கலாம்மா" என்றான் மகன். "ஒவ்வொண்ணா ஆஃப் பண்ணிப் பாத்தாலே எதுன்னு தெரிஞ்சிடும்."

"எனக்குத்தான் தெரிஞ்சிடுச்சே!"

அன்றோடு ஹீட்டர் கூடாது என்று சொல்லிவிட்டேன். அவள் அடுப்பில் தண்ணீர் காய வைத்து, தவழும் பிள்ளையைத் தாண்டித் தாண்டிக் குளியலறைக்குத் தூக்கிக்கொண்டு போனாள். கொதிக்கிற தண்ணீர். பார்த்துக்கொண்டுதான் இருந்தேன், கல்நெஞ்சக்காரி.

அடுத்த வெள்ளியும் விழுந்தது. ஹீட்டர் போடவில்லை, முடி காய வைக்கும் மிஷின் மட்டும்தான் ஓடியது. சரி, அப்போது மிஷின்தான். மகன் முன்னாலேயே அவளிடம் சொன்னேன்: "இந்த சொகுசெல்லாம் உங்கம்மா வீட்டுல வச்சுக்க. இங்க உன் பருப்பு வேகாது."

ஞாயிற்றுக்கிழமை பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கோலா கங்சாருக்கு, அவள் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். கொண்டுபோய் விட்டு வந்த மகன் என் முகத்தைப் பார்க்காமல் சாப்பிட்டான். போகட்டும், இரண்டு நாளில் தானாக வருவாள் என்று வீம்பாக இருந்தேன். வரவில்லை.

அந்த வெள்ளிக்கிழமை மகன் வேலைக்குப் போன பிறகு வீட்டில் நான் ஒருத்திதான். எப்போதும்போல் சாமி அறையைக் கழுவி விட்டேன். மஞ்சள் தண்ணீரில் துணியை நனைத்துப் படங்கள் வைத்திருக்கும் சுவர்த் தட்டைத் துடைத்தேன்.

டக்.

ஃபேன் நின்றுவிட்டது. திட்ட வாயைத் திறந்தேன். யாரைத் திட்டுவது? குளியலறை காய்ந்து கிடக்கிறது. மிஷின் கோலா கங்சாரில் இருக்கிறது.

கையை நன்றாகத் துடைத்து, செருப்புப் போட்டுக்கொண்டு, மகன் சொன்னதை அன்றைக்குத்தான் செய்தேன். சின்ன சுவிட்சுகளை எல்லாம் இறக்கிவிட்டு மெயினை மேலே தள்ளினேன். பிறகு ஒவ்வொன்றாக ஏற்றினேன். சமையலறை சுவிட்சுக்கு மெயின் விழாமல் நின்றது. ஹீட்டர், அதற்கும் நின்றது. சாமி அறை சுவிட்சை ஏற்றியதும் மெயின் விழுந்தது.

மெயினை அப்படியே விட்டுவிட்டு டார்ச் அடித்துப் பார்த்தேன். சாமி தட்டுக்குக் கீழே ஒரு எக்ஸ்டென்ஷன் பெட்டி. அதில்தான் இரவும் பகலும் எரியும் சாமி பல்பும் மந்திரம் பாடும் பெட்டியும் சொருகியிருக்கின்றன. அதன் ஓட்டைகளில் மஞ்சள் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. ஓரமெல்லாம் பழைய மஞ்சள் கறை. வெள்ளிதோறும் அவள் குளிக்கும் நேரத்தில் நான் துடைத்த தண்ணீர். நான் அவளைத் திட்டி முடிப்பதற்குள் ஈரம் காய்ந்துவிடும், சுவிட்ச் விழாமல் நின்றுவிடும். ஹீட்டரை அணைத்ததால் நின்றது என்று நினைத்தேன் நான், முட்டாள்! வீட்டில் எல்லாவற்றையும் சந்தேகப்பட்டேன். சாமி பல்பை மட்டும் சந்தேகப்படத் தோன்றவே இல்லை.

ஈரத் தரை, வெறுங்கால், ஈரக்கை. அந்த சுவிட்ச் விழாமல் இருந்திருந்தால் கரண்ட் அடித்து நான் விழுந்திருப்பேன். அதைப் போய் சனியன் என்று திட்டியிருக்கிறேன்.

மத்தியானமே வயர்மேனை வரவழைத்தேன். அந்தப் பெட்டியைத் தூக்கிப் போடச் சொல்லிவிட்டு, தண்ணீர் படாத உயரத்தில் சுவரிலேயே பிளக் வைத்துக் கொடுத்தார். மெயினில் இருந்த சின்னப் பொத்தானைக் காட்டி, "மாசம் ஒரு தடவ இத அமுக்கிப் பாருங்கக்கா. டக்குன்னு விழணும். விழலன்னாத்தான் பயப்படணும்" என்றார்.

அவர் போன பிறகு போனைக் கையில் எடுத்தேன். பெற்ற பிள்ளையிடம்கூட மன்னிப்புக் கேட்டுப் பழக்கமில்லாத வாய் இது. ஒருவழியாகக் கூப்பிட்டேன்.

"சொல்லுங்கத்த."

பின்னால் பிள்ளையின் குரல் கேட்டது.

"இன்னிக்கும் மெயின் விழுந்திருச்சும்மா..."

நான் முடிக்கவில்லை. அவள் பதறிப்போய்விட்டாள்.

"அத்த, நான் இங்கதான இருக்கேன்! நான் ஒண்ணுமே பண்ணலையே அத்த!"

கோலா கங்சாரில் இருந்துகொண்டு என் வீட்டு சுவிட்சுக்கு அவள் பதில் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"நான்தான்ம்மா" என்றேன். "எப்பவும் நான்தான்."