பாலத்தின் மேல் வந்தவர்

அரசுத் திட்டங்களை வகுக்கும் வேலைக்குப் போக வேண்டும் என்று திருப்பதியில் எம்.ஏ. முடித்தேன். புத்தூரில் ஓர் எம்.எல்.ஏ.வின் அலுவலகத்தில் வேலை கிடைத்தது. சட்டசபையில் அவர் பேசுவதற்குக் குறிப்பு எழுதித் தர வேண்டும். ஆனால் பாதி நாள் திருமலை தரிசனத்துக்குச் சிபாரிசுக் கடிதம் அடித்துத் தருவதிலேயே போய்விடும். எனக்கு எரிச்சலாக வரும்.

ஒரு நாள் காலை பத்து மணிக்கு அவர் சபையில் பேச வேண்டும். ஓடையில் பாலம் இல்லாமல் ஒரு கிராமமே தவிக்கிறது என்று, பழைய மனுவைப் பார்த்துக் குறிப்பு எழுதி அனுப்பினேன். பிறகு, தரிசனக் கடிதம் கேட்டு வந்த ஒருவரிடம் ஊரைக் கேட்டேன். அதே கிராமம்.

"இந்த மழையில ஓடைய எப்படிண்ணா தாண்டினீங்க?"

"போன மாசமே பாலத்தத் தொறந்துட்டாங்களேமா! அது மேலதான் வண்டி ஓட்டிக்கினு வந்தேன்."

கடிகாரத்தைப் பார்த்தேன். மணி ஒன்பது ஐம்பது. எம்.எல்.ஏ. போனை எடுக்கவில்லை. அவருடைய டிரைவருக்கு அடித்தேன்.

"சார் உள்ள போய்க்கினு இருக்காரும்மா."

"ஓடுங்கண்ணா! பாலத்தப் பத்திப் பேச வேணாம்னு சொல்லுங்க!"

டிரைவர் அவரைச் சபை வாசலிலேயே பிடித்துவிட்டார்.

சாயங்காலம் எம்.எல்.ஏ. கூப்பிட்டார். "பாலம் கட்டியாச்சுன்னு மந்திரி எழுந்து சொல்லியிருந்தா, என் மூஞ்சிய எங்க வச்சிக்கிறது?" என்று மட்டும் கேட்டார்.

இப்போதெல்லாம் கடிதத்துக்கு வருகிறவர்களை உட்கார வைத்து, முதலில் ஊர்ச் சேதியைக் கேட்டு எழுதிக்கொள்கிறேன். கடிதம் அதற்கப்புறம்தான்.

அந்த அண்ணன் தரிசனம் முடித்து லட்டுடன் வந்தார். "உன் லெட்டராலதாம்மா சாமியப் பார்த்தேன்" என்றார். அவரால்தான் என் வேலை தப்பியது என்பதை இன்னும் நான் அவரிடம் சொல்லவில்லை.

— ஒரு வாசகி, புத்தூர்