தபசு மரத்தில் என் தொண்டை

போன மாதம் ஒரு விழாவில் எனக்குச் சால்வை போர்த்திவிட்டு ஒருத்தர் மைக்கில் பேசினார். ஜவ்வாது மலைக்குள் ஒளிந்து கிடந்த என்னை, அடிவாரத்துக் கூத்து வாத்தியார் ஒருவர் கண்டுபிடித்தாராம். கண்டுபிடித்தாராம்! நான் என்ன காணாமல் போன எருமையா? அதைக் கேட்ட நாளிலிருந்து வயிறு எரிகிறது. மூன்றாம் வகுப்போடு நின்றவன் எழுதுகிறேன். பிழை இருக்கும், பொய் இருக்காது.

எழுபதுகளின் கடைசி. எங்கள் ஊருக்கு பஸ் கிடையாது. சந்தவாசல் பக்கம் ஒரு கூத்து ஜமாவில் சேர மலையிலிருந்து நடந்தே இறங்கினேன். சின்ன வேஷம் ஒன்று கொடுத்தார்கள். வாயைத் திறந்து ஓர் அடி பாடினேன். எங்கள் மலைப் பேச்சின் இழுவை அதில் இருந்தது. கூட்டம் சிரித்தது. கூட்டத்தை விடுங்கள், பக்கத்தில் நின்ற வாத்தியார், என்னைக் கண்டுபிடித்தாராமே அவரேதான், அதே இழுவையில் பாடிக் காட்டி இன்னும் சிரிக்க வைத்தார்.

"இன்னாடா இது, பாட்டா? புளியமரத்துல பேய் அழுவற மாதிரி கீது!"

அன்றோடு என் தொண்டை பூட்டிக்கொண்டது. எங்கள் சாமைக் கொல்லையில் குருவி ஓட்ட நான் கத்தினால், எதிர் மலையில் ஆடு மேய்க்கிறவர் திரும்பிப் பார்ப்பார். அப்பேர்ப்பட்ட குரல், சபையைக் கண்டால் எச்சிலோடு உள்ளே இறங்கிவிடும். பின்பாட்டுக்காரர்களோடு நின்று வாயை மட்டும் அசைப்பேன். நமக்கு வராது என்று நானே நம்பிவிட்டேன். அப்படி நம்ப வைத்தவர்களை இன்றைக்கும் நான் மன்னிக்கவில்லை.

அம்மன் திருவிழாவில் ஒரு பகல், தபசு மரம் ஏறுவது எங்கள் பக்கத்து வழக்கம். திடலில் உயரமான பனைமரத்தை நட்டு, படிகளாகக் கட்டைகளை அடித்திருப்பார்கள். விரதம் இருந்த கூத்தாடி ஒருவன் தவசி வேஷத்தில், படிக்கு ஒரு பாட்டாகப் பாடி, சாமியிடம் வரம் கேட்டுக்கொண்டே ஏறுவான். உச்சியிலிருந்து எலுமிச்சம்பழம் வீசுவான். பிள்ளை வரம் வேண்டும் பெண்கள் ஈரச் சேலையோடு கீழே மடியேந்தி நிற்பார்கள்.

வருஷா வருஷம் ஏறுகிற வாத்தியாருக்கு அந்த வருஷம் முழங்கால் வீங்கிவிட்டது. என்னைக் கூப்பிட்டார்.

"மலைக்காரனுக்கு மரம் ஏறக் கத்துக் குடுக்கணுமா? நீ ஏறு. கீழ மைக்ல நான் பாடிக்கறேன். நீ வாய அசச்சா போதும், அதான் உனுக்குப் பழக்கமாச்சே."

ஜமாவே சிரித்தது. நானும் தலையாட்டினேன். விரதம் நான் இருந்தேன். ஏறுகிற அன்று காலை வாத்தியார் கறிச்சோறு தின்று விட்ட ஏப்பத்தை, பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காத நான் பக்கத்தில் நின்று மோந்தேன்.

ஏறினேன். கீழே கூம்பு ஒலிபெருக்கியில் அவர் பாட, நான் வாயசைத்தேன். பாதி மரம் வந்திருப்பேன். ஒரு பாட்டு முடிந்து அடுத்தது தொடங்குமுன், ஈரச் சேலையில் நின்ற ஒருத்தி கேட்டது காதில் விழுந்தது.

"இன்னாக்கா இது? வரம் கேக்கறவரு மேல கீறாரு, பாட்டு கீழருந்து வருது. சாமி யாருக்குக் குடுக்கும்?"

"வாத்தியாருக்குத்தான் குடுக்கும். அவருக்குப் புள்ள பொறக்கும், போ!" என்றாள் இன்னொருத்தி.

என் உடம்பு நெருப்பாகிவிட்டது. பட்டினி கிடந்தது நான், வெயிலில் தொங்குவது நான், கேட்கிற வாய் மட்டும் கறிச்சோறு தின்ற வாயா?

அந்தப் படியிலேயே நின்றுவிட்டேன். அவர் பாட்டை முடித்தார், நான் ஏறவில்லை. அதே பாட்டைத் திரும்பப் பாடினார், அசையவில்லை. "ஏறுடா!" என்று கூம்பு அலறியது.

"நிறுத்துங்க வாத்தியாரே!" என்று கத்தினேன். "விரதம் இருந்தது நானு. நானே கேட்டுக்கறேன்!"

மிருதங்கம் நின்றது. திடல் முழுக்க அண்ணாந்து பார்த்தது. அப்போதுதான் பயம் வந்தது. மரத்தைக் கண்டு அல்ல, மரம் எனக்குத் தூசு. என் வாயைக் கண்டு. முதல் அடி பாடினேன், நடுவில் உடைந்தது.

"டேய், சாமக் கொல்லயில குருவி ஓட்றான்டா!" என்றான் ஒருத்தன். சிரிப்பு.

ஆமாம், குருவி ஓட்டுகிறவன்தான். பிறகு எதற்கு உங்கள் வாத்தியார் குரலை என் தொண்டையில் தேடிக்கொண்டிருக்கிறேன்? எதிரே தெரிந்த எங்கள் மலையைப் பார்த்து, கொல்லையில் விடுகிற அதே குரலை, அதே இழுவையோடு விட்டேன். மிருதங்கக்காரர் தடுமாறிப் பின்னாலேயே ஓடி வந்து சேர்ந்தார். அடுத்த படியில் சிரிப்பு இல்லை. அதற்கடுத்த படியில் மடியேந்தி நின்ற பெண்கள் அழுதார்கள். மைக் இல்லாமல் திடலின் கடைசிவரை கேட்டது. இந்த ஜில்லாவில் வேறு எவனாவது அப்படிப் பாடியிருந்தால் வந்து சொல்லட்டும்.

உச்சிக்குப் போய்ப் பழத்தைக் கையில் எடுத்தேன். கீழே கூம்பு பேசியது.

"நம்ம சிஷ்யப் புள்ளதாங்க! எல்லாம் நான் சொல்லிக் குடுத்த பாட்டு!"

அந்தப் பொய் பிறந்த இடம் அதுதான். பழத்தை அந்தக் கூம்பைப் பார்த்து எறிய வேண்டும் என்று கை துடித்தது. அடக்கிக்கொண்டு, பெண்கள் மடியைப் பார்த்து வீசினேன். அந்தப் பொய்தான் வளர்ந்து, சால்வையோடு விழா மேடைக்கு வந்திருக்கிறது.

அந்த மேடையில் சால்வை போர்த்தியவர் பேசி முடித்ததும், "ஐயா ரெண்டு வார்த்த பேசுங்க" என்று மைக்கை நீட்டினார்கள். அதைத் தள்ளி வைத்துவிட்டு, மலை இழுவை கொஞ்சமும் குறையாமல் பாடினேன். கடைசி வரிசைவரை கேட்டது. கேட்காதவன் காதை வைத்தியரிடம் காட்டட்டும்.